எலக்ட்ரானிக் டிரம் பேட் வாங்க வரும் அண்ணன் தம்பிகளுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"பேட் வாங்க வந்தா ஏண்ணே இத்தனை கேள்வி?" என்று தேவகோட்டையிலிருந்து வந்த ஒரு தம்பி சலித்துக்கொண்டார். (பேட் என்றால் குச்சியாலோ கையாலோ தட்டினால் டிரம் சவுண்டு தரும் மின் கருவி; அதில் உள்ள ஒவ்வொரு ரப்பர் பரப்பையும் பேட் என்றே சொல்வோம்.) கச்சேரிக்கா வீட்டுக்கா, குச்சியா கையா, ஜெனரேட்டர் கரண்ட்டா என்று நாங்கள் கேட்டது அவருக்குப் போலீஸ் விசாரணை மாதிரி இருந்திருக்கும். மாசி பிறந்துவிட்டால் முத்துமாரியம்மன் திருவிழா, அப்புறம் குன்றக்குடி பங்குனி உத்திரம் என்று நம் பக்கத்து இசைக்குழுக்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அதற்குள் ஏன் கேட்கிறோம், எதை விற்பதை நிறுத்தியிருக்கிறோம் என்று சொல்லிவிடுகிறோம்.

கடை வைப்பதற்கு முன் நாங்களும் மேடையில் வாசித்தவர்கள்தான். ஒரு கோயில் மேடையில் குத்துப்பாட்டு உச்சத்தில் இருந்தபோது, ஸ்பீக்கரை நகர்த்த வந்த பையனின் காலில் அடாப்டர் வயர் சிக்கியது. பேட் அணைந்துவிட்டது. திரும்பச் செருகி, திரை ஒளிர்ந்து, கிட் (அந்தப் பாட்டுக்கான சவுண்டுத் தொகுப்பு) வந்து நிற்பதற்குள் அரைச் சரணம் போயே போய்விட்டது. டோலக் அண்ணன் ஒற்றை ஆளாகத் தாங்கிப் பிடித்தார். அன்று மாலை பார்த்துப் பார்த்து மாற்றிவைத்த சவுண்டுகளும் சேமிக்காததால் பழையபடி ஆகிவிட்டன. அன்றிலிருந்து எந்தப் பேடைக் கையில் எடுத்தாலும் முதலில் முதுகுப்பக்கத்தைத்தான் பார்க்கிறோம். அடாப்டர் வயரைச் சுற்றி மாட்ட ஒரு கொக்கி இருக்கிறதா? இருந்தால் நல்லது. இல்லையென்றால் நாங்களே ஒரு கிளிப் வைத்துக் கட்டித் தருகிறோம். வாசிப்பவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டால் ஆயிரம் சவுண்டு கேட்கமாட்டார்கள். நடுப்பாட்டில் அணையாத பேட்தான் கேட்பார்கள். அதை வடிவமைப்பவர்களின் மேடையில் ஸ்பீக்கர் தூக்கும் பையன்கள் இல்லை போலிருக்கிறது.

அடாப்டர் பேச்சு வந்ததால் இன்னொன்று. பல பேடுகளில் அடாப்டர் பின்னின் நடுமுனை நெகட்டிவ். வீட்டு வைஃபை ரவுட்டரின் அடாப்டரில் அது பெரும்பாலும் பாசிட்டிவ். இரண்டும் ஒரே துளையில் அழகாகப் பொருந்தும், வம்பே அங்கேதான். "ஊசி போகுதே, அப்புறம் என்ன?" என்று செருகிப் பார்த்துவிட்டு, கெட்டுப்போன சர்க்யூட் போர்டோடு வருபவர்களைப் பார்த்தால் எங்களுக்கே வயிறு எரிகிறது.

அடுத்தது, அடிக்காமலே ஒலிக்கும் பேட். ரப்பருக்குக் கீழே ஒரு பித்தளை வில்லை, அதன்மேல் மெல்லிய பீங்கான் பூச்சு இருக்கும். அதைத்தான் பியெசோ என்கிறோம். அதிர்ந்தால் சின்ன மின்சாரம் கொடுக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. அதிர்வு உங்கள் குச்சியிலிருந்து வந்ததா, பக்கத்துப் பேடிலிருந்து வந்ததா, பின்னால் நிற்கும் பேஸ் ஸ்பீக்கரிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் ஸ்னேர் டிரம் சவுண்டு வைத்த பேடை அடித்தால், கூடவே பக்கத்துப் பேடின் கைதட்டல் சவுண்டும் விழுகிறது. செட்டிங்கில் திரெஷோல்டை, அதாவது எவ்வளவு அதிர்ந்தால் ஒலிக்கவேண்டும் என்ற எல்லையை, ஏற்றினால் நின்றுவிடும். வாசற்படியை உயர்த்தினால் தண்ணீர் உள்ளே வராது, ஆனால் தவழும் பிள்ளையும் தாண்ட முடியாது. அதே கதைதான்: விரல் நுனியால் வைக்கும் மெல்லிய அடிகள் எல்லாம் செத்துப்போகும். மிடி என்பது மின் இசைக் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழி. அதன் கணக்கில் அடியின் வேகத்துக்கு 127 படிகள் உண்டு; மேடையில் பலர் மேலே உள்ள ஐந்தாறை மட்டும் வைத்து வாழ்க்கை நடத்துகிறார்கள். இதைச் செட்டிங்கில் சரிக்கட்டுவதைவிட, ஒவ்வொரு பேடையும் தனித்தனி மெத்தையில் உட்காரவைத்துச் செய்வதே முறை. வாங்கும் முன் நாங்கள் ஒரு பேடில் ஓங்கி அடித்து மற்றவை பேசுகின்றனவா என்று காட்டுவது இதற்காகத்தான்.

சவுண்டு விஷயத்துக்கு வருவோம். 1985-ல் ரோலண்ட் கம்பெனி கொண்டுவந்த முதல் ஆக்டபேடில் சொந்தமாக ஒரு சவுண்டும் கிடையாது. எட்டுப் பேடும் மிடி வயர் வழியாக வேறொரு கருவியை முழக்கும். இன்றைக்குப் பேடுக்குள்ளேயே சவுண்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஆனால் நம் ஆட்கள் தேடுவது தவில், பறை, பம்பை, உருமி. தவிலையும் பறையையும் பதிந்து ஏற்றிக்கொள்ளலாம், அதற்கு இடம்தரும் பேடாக இருந்தால். எல்லாப் பேடிலும் ஏற்ற முடியாது என்பதைக் காசு கொடுப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். உருமி மட்டும் பிடிகொடுக்காது. வளைந்த குச்சியைத் தோலில் தேய்த்து இழுக்கும் அந்த உறுமலை, தட்டினால் மட்டும் பேசத் தெரிந்த ரப்பர் எப்படிப் புரிந்துகொள்ளும்? அழுத்தத்தையும் உணரும், கையால் வாசிக்கிற ஹேண்ட்சோனிக் மாதிரிக் கருவிகள் கொஞ்சம் கிட்டே போகின்றன. தபலா, டோலக் வாசித்துப் பழகியவர்களுக்குக் குச்சிப் பேடைவிட அதைத்தான் காட்டுவோம். மிருதங்க மேதை காரைக்குடி மணி பிறந்த ஊரில் கடை வைத்திருக்கிறோம், "இதுல தோல் எங்கப்பா?" என்று கேட்கும் பெரியவர்களுக்கு எங்களிடம் இன்னும் பதில் இல்லை.

வீட்டில் பழக எலக்ட்ரானிக் டிரம் செட் கேட்பவர்களுக்கு, ரப்பருக்குப் பதில் வலைத்தோல் (தோல்போல இழுத்துக் கட்டிய நெருக்கமான வலை) போட்ட செட்டையே சொல்கிறோம். 1997-ல் ரோலண்டின் வி-டிரம்ஸோடு வந்தது அது. சத்தம் குறைவு, மணிக்கட்டு வலிக்காது. ஆனால் கிக் பெடலின் தடதடப்பு தரை வழியே போகும். மாடியில் குடியிருந்தால் கீழ்வீட்டுக்காரரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். செட்டிநாட்டு வீட்டு வளவில் வைத்தாலும் ஒரு தொல்லை உண்டு: ஆத்தங்குடித் தரைக்கல்லின் வழவழப்பில் பெடல் நாலு பாட்டுக்குள் எட்டாத தூரம் போய்விடும். அடியில் ரப்பர் ஒட்டிய கனமான விரிப்பு போடுங்கள். கோரைப்பாய் வேண்டாம், அதுவும் சேர்ந்து நகரும்.

இனி நாங்கள் நிறுத்தியது. எல்லாப் பேடின் வயரும் ஒரே கொத்தாகப் போய் ஒரே பிளக்கில் முடியும் மலிவு செட்டுகளை இந்தத் தை முதல் விற்பதில்லை. விலைக்கு அழகாகத்தான் இருக்கும். அந்தக் கொத்தில் ஒரு இழை அறுந்தால் மாற்று வயர் கிடைப்பதில்லை, முழு செட்டும் பரணுக்குப் போகிறது. எங்களிடமே வாங்கி அப்படி ஆனவர்கள் மூன்று பேர். அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். கொண்டுவந்தால் ஒவ்வொரு பேடுக்கும் தனி ஜாக் வைத்துக் கொடுக்கிறோம், வேலைக்குக் கூலி வேண்டாம்.

வரும்போது உங்கள் சொந்தக் குச்சி, ஹெட்போன், இருக்கும் அடாப்டர் மூன்றையும் எடுத்து வாருங்கள். அரைமணி நேரம் உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள், அவசரமில்லை. பியெசோ மாற்றுவது, வயர் பற்றவைப்பது எல்லாம் பெரும்பாலும் அன்றே முடியும். போர்டு வேலை வெளியூர் போகவேண்டும், நாளாகும். ஆகவே உத்திரத்துக்கு முந்தின நாள் ராத்திரி பேடைத் தூக்கிக்கொண்டு வந்து கடைக் கதவைத் தட்டாதீர்கள். அந்த வாரம் நாங்களும் எங்காவது ஒரு மேடையில்தான் இருப்போம்.

அன்புடன்,
உங்கள் கடையினர்,
காரைக்குடி