வடக்குப் பார்த்த கரையும் பெப்ரவரி மாதமும்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். கோசோன், எல் வாயே, ரிங்கோன், ஃபுரொன்டோன், காயோ லெவன்தாதோ. ஐந்தும் அழகான கடற்கரைகள்தான். ஆனால் நீங்கள் டொமினிக்கன் குடியரசிலுள்ள சமானாவுக்குப் போகப்போவது பெப்ரவரியில், அதுவும் 9 வயதுப் பையனையும் 5 வயதுச் சின்னவளையும் கூட்டிக்கொண்டு. அதை மனதில் வைத்துப் பார்த்தால் பட்டியலில் ஒன்றை வெட்ட வேண்டும், ஒன்றைக் கரையில் நின்று பார்ப்பதோடு விட வேண்டும், நீ எழுதாத இரண்டைச் சேர்க்க வேண்டும். தொலைபேசியில் சொன்னால் பாதியில் வேலைக்கு ஓடிவிடுவாய். அதனால் ஆறுதலாக எழுதுகிறேன், நீயும் ஆறுதலாக வாசி.

நீ பார்த்த படங்களில் எல்லாக் கரையும் ஒரே மாதிரித்தான் இருக்கும். வெள்ளை மணல், சரிந்த தென்னை, நீலத் தண்ணீர். அந்தத் தண்ணீரில் ஒரு குழந்தையை இறக்கலாமா என்பது படத்தில் தெரியாது. அதற்கு வரைபடத்தைத்தான் பார்க்க வேண்டும். டொமினிக்கன் குடியரசின் வடகிழக்கு மூலையில், கிழக்கு நோக்கிக் கடலுக்குள் நீளுகிறது சமானாக் குடாநாடு. தெற்கே சமானா விரிகுடா, கிழக்கே மட்டும் திறந்து மற்றப் பக்கங்களில் நிலம் சூழ்ந்த கடல். வடக்கே எந்தத் தடுப்பும் இல்லாத அட்லாண்டிக். நீ கேட்ட ஐந்தில் லெவன்தாதோ மட்டும்தான் தெற்கே விரிகுடாவுக்குள் இருக்கிறது. மற்றதெல்லாம் திறந்த கடல் பக்கம்.

குளிர்காலத்தில் வட அட்லாண்டிக்கில் எழும்புகிற புயல்கள், நியூபவுண்ட்லாந்தில், செயின்ட் ஜோன்ஸில் உங்கள் வீட்டு யன்னலை ஆட்டுகிறவை உட்பட, பெரிய அலைகளைத் தெற்கே தள்ளிவிடும். சில நாள் கழித்து அவை சமானாவின் வடகரையில் வந்து உடையும். அங்கே அன்றைக்கு வானம் பளிச்சென்று இருக்கும், காற்றும் பெரிதாக இராது, அலை மட்டும் ஆளுயரம் எழும்பும். வெயிலைப் பார்த்துக் கடல் நல்லது என்று நினைக்கக் கூடாது. பருத்தித்துறையில் வாடைக் காலத்துக் கடலைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. அங்கேயும் கரை வடக்கைப் பார்த்ததுதான், அங்கேயும் முருகைக்கல் பார், அதாவது கடலடியில் சுவர் மாதிரி நின்று அலையை மறிக்கிற திட்டு, இருக்கிற இடத்தில்தான் பிள்ளைகளைக் குளிக்க விடுவார்கள். சமானாவிலும் அதையே கவனி. கரைக்கு முன்னால் பார் இருக்கிறதா? அலை தூரத்தில் உடைகிறதா, காலடியில் உடைகிறதா? இந்த இரண்டு கேள்விக்குப் பிறகுதான் மணலின் நிறம்.

முதல் நாலைந்து நாள் லாஸ் தெரேனாஸ் ஊரில் தங்குங்கள். எல் கத்தே விமான நிலையத்தில் இருந்து கிட்டத்தான். சான்டோ டொமிங்கோவில் இறங்கினால் நெடுஞ்சாலை வழியாக இரண்டரை மணித்தியாலம் மட்டில் ஆகும். நான் சேர்க்கச் சொன்ன இரண்டு கரையும் இந்த ஊர்ப் பக்கம்தான். ஊருக்குள்ளேயே இருக்கிற லாஸ் பயேனாஸ் ஒன்று, கிழக்கே சற்றுத் தள்ளியிருக்கிற எல் போர்த்தியோ மற்றது. இரண்டுக்கும் முன்னால் பார் இருக்கிறது. போர்த்தியோவில் அலை தூரத்தில் வெள்ளைக் கோடாக உடையும், உள்ளே தண்ணீர் குளம் மாதிரிக் கிடக்கும். சின்னவள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கலாம். அடியில் கடற்புல் இருக்கிறது, காலில் படும்போது முதலில் கூச்சப்படுவாள். படத்துக்கு அது அவ்வளவு அழகாக வராது. அதனால்தான் உன் கண்ணில் படவில்லை என்று நினைக்கிறேன். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு என் கணக்கில் அதுதான் முதல் கரை.

கோசோன் லாஸ் தெரேனாஸுக்கு மேற்கே. மிக நீளமான கரை, ஆட்களும் குறைவு. போய் நடவுங்கள், மணலில் வீடு கட்டுங்கள். ஆனால் அங்கே அலை நேரே வந்து அடிக்கும். பிள்ளைகளை முழங்காலுக்கு மேலே தண்ணீரில் விட வேண்டாம்.

எல் வாயேயைத்தான் கரையில் நின்று பார்க்கச் சொல்கிறேன். இரண்டு மலைக்கு நடுவே திறக்கிற கரை, பார்க்கப் பார்க்க அலுக்காது. குளிக்க மட்டும் கூடாது, பெரியவர்களும்தான். அங்கே நிற்கும்போது மருமகனுக்கும் பேரனுக்கும் ஒரு விஷயம் காட்டிக் கொடு. அலைகள் வரிசையாக உடைந்து நுரைக்கிற இடத்தின் நடுவே, நுரை இல்லாமல் சற்றுக் கறுத்த நிறத்தில் ஒரு பாதை தெரியும். தெரியாதவர்கள் அதுதான் அமைதியான இடம் என்று அங்கே இறங்குவார்கள். கரைக்கு வந்த தண்ணீர் எல்லாம் திரும்பிக் கடலுக்குப் போகிற வழி அது. அதன் இழுவையில் அகப்பட்டால் கரையை நோக்கி நீந்தி வெல்ல முடியாது, களைத்துத்தான் போவீர்கள். பதறாமல் கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுவையை விட்டு வெளியே வந்த பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். அந்தக் குடாநாட்டில் பெரும்பாலான கரைகளில் உயிர்காப்பாளர் என்று யாரும் இல்லை. பேரன் நல்லாய் நீந்துவான், தெரியும். நீச்சல் குளத்தில் இழுவை கிடையாது மகள்.

அடுத்த பாதி நாட்களுக்குக் குடாநாட்டின் கிழக்கு முனையில் லாஸ் கலேராஸுக்குப் போய்விடுங்கள். சின்ன ஊர், இரவில் சத்தம் இல்லை. எனக்கும் அம்மாவுக்கும் தெரேனாஸை விட அதுதான் பிடிக்கும். அங்கிருந்துதான் ரிங்கோனுக்குப் போக வேண்டும்.

ரிங்கோனைப் பற்றிக் கொஞ்சம் கூடவே எழுதுகிறேன், ஏனென்றால் உன் பட்டியலில் அதற்குத்தான் நான் முழு மனதோடு ஆம் சொல்கிறேன். ஏறத்தாழ 3 கிலோமீட்டர் வளைந்த கரை. பின்னால் தென்னைதான், மாடிக் கட்டடம் ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் முனைகள் கடலுக்குள் நீண்டு கொஞ்சம் தடுக்கின்றன, ஆனால் வாய் வடக்கே திறந்திருப்பதால் பெரிய அலை வருகிற நாளில் உள்ளேயும் வரும். அப்படியான நாளிலும் போகலாம் என்பதற்குக் காரணம் மேற்குக் கோடியில் கடலில் சேருகிற கான்யோ ஃபிரீயோ என்ற சிற்றாறு. பனிக்கட்டி போட்டது போலக் குளிர்ந்த, பச்சை படிந்த தெளிந்த தண்ணீர், அடியில் கிடக்கிற இலையை எண்ணலாம். கடலோடு அது கலக்கிற இடத்தில் நடந்து பார். ஒரு காலில் இளஞ்சூடு, அடுத்த அடியில் குளிர், திரும்ப இளஞ்சூடு. சின்னவளை அங்கிருந்து எழுப்புவது கஷ்டம், ஆகவே சாப்பாட்டையும் அந்தப் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஓலைக் கொட்டில்களில் பொரித்த மீனும் தேங்காய்ப்பால் சோறும் தட்டிப் பொரித்த வாழைக்காயும் தருவார்கள்.

லாஸ் கலேராஸில் இருந்து படகில் அழைப்பார்கள். கடல் படுத்திருந்தால் ஏறலாம், இல்லையென்றால் வாகனத்தில் போங்கள். கரையில் அலை சிறிதாகத் தெரிந்தாலும் முனையைத் தாண்டும்போது சின்னப் படகு துள்ளும். ரிங்கோனுக்கு என்று ஒரு தேதியை இப்போதே குறித்து வைக்காதே. லாஸ் கலேராஸில் தங்குகிற நாட்களில் எது அமைதியாக விடிகிறதோ அன்று போங்கள்.

வெட்டச் சொன்னது ஃபுரொன்டோன். செங்குத்தான பாறைச் சுவருக்குக் கீழே ஒரு கீற்று மணல். வாகனப் பாதை கிடையாது. படகு, அல்லது காட்டு வழியாக நடை. பார் நல்லது, மூழ்கிப் பார்க்கிறவர்களுக்கு விருந்து. ஆனால் அலை எழும்பிவிட்டால் படகு கரைக்கு வர மாட்டாது, பிள்ளைகளோடு அங்கே காத்துக் கிடக்க வேண்டிவரும். சின்னவள் வளரட்டும்.

லெவன்தாதோ விரிகுடாவுக்குள் இருக்கிற சின்னத் தீவு. அலைக் கவலை குறைவு. சமானா நகரத்தில் இருந்து படகு போகிறது. ஒரு பகுதி விடுதிக்காரர்களிடம், மற்றப் பகுதி எல்லோருக்கும். திமிங்கிலம் பார்க்கப் போகிற படகுகள் மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கேதான் ஆட்களை இறக்கும், அப்போது மணலில் இடம் இராது. காலையிலேயே போய், கூட்டம் வரும்போது கிளம்பிவிடுங்கள்.

திமிங்கிலம் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை! நீ யூலை மாதத்தில் நியூபவுண்ட்லாந்துக் கரையில் நின்று பார்க்கிற கூன்முதுகுத் திமிங்கிலங்கள் குளிர்காலத்தில் கரிபியன் பக்கம் போய்த்தான் குட்டி போடுகின்றன. உங்கள் கடலில் இருந்தும் கிரீன்லாந்து, ஐஸ்லாந்துப் பக்கம் இருந்தும் வருகிறவை சமானா விரிகுடாவில் சேருகின்றன. வடக்கே கடலில் 1986இல் அவற்றுக்கு ஒரு சரணாலயம் அமைத்தார்கள், 1996இல் அதை இந்த விரிகுடா வரைக்கும் நீட்டினார்கள். பெப்ரவரிதான் உச்சக் காலம். அனுமதி பெற்ற படகில் மட்டும் ஏறுங்கள், சும்மா வந்து குறைந்த விலைக்குக் கூப்பிடுகிறவரோடு போக வேண்டாம். அந்த மிருகங்களை விரட்டிக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு நம் காசு போகக் கூடாது, குட்டியோடு நிற்கிற தாயை விரட்டுவதை என்னால் பார்க்க முடியாது. சின்னவளுக்குப் படகில் சத்தி வருமென்றால் சமானா நகரத்துக்கும் லாஸ் கலேராஸுக்கும் இடையே புன்டா பலந்திராவில் மேட்டில் நின்றே பார்க்கலாம். தொலைநோக்கியை எடுத்துப் போ.

சாப்பாட்டில் ஒன்று மறக்காதே. தேங்காய்ப்பாலில் சமைத்த மீன் அந்தக் குடாநாட்டின் பெயர்போன கறி. தக்காளி, வெங்காயம், குடைமிளகாய், நிறத்துக்கு ஒரு விதை. சொதிக்கும் குழம்புக்கும் நடுவே நிற்கும், உறைப்பு மட்டும் இல்லை. அம்மா அங்கே ஒரு வீட்டுக்காரப் பெண்மணியோடு குசினியில் நின்று அவர் தேங்காய் துருவிப் பிழிவதைப் பார்த்தார். ஒருவர் பேசியது மற்றவருக்கு விளங்கவில்லை, ஆனால் இரண்டாம் பால் பிழியத் தொடங்கியதும் அம்மா உரிமையோடு கையை விட்டுவிட்டார்.

இன்னும் சில. கரையில் இருந்து 60 மீட்டர் சட்டப்படி பொதுநிலம், ஆகவே விடுதிக்கு முன்னால் உட்காராதே என்று யாரும் சொன்னால் ஒதுங்கத் தேவையில்லை. தென்னைக்குக் கீழே துவாயை விரிக்க வேண்டாம், தேங்காய் விழும். பொழுது சாயும்போது கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடிக்கும், காலுக்கு ஏதாவது பூசுங்கள். படகுக்காரரோடு போகவும் வரவும் சேர்த்து விலை பேசி, திரும்ப ஏற்றுகிற நேரத்தையும் முதலே சொல்லிவிடுங்கள். பின்னேரம் காற்று எழும்பும், அதற்கு முன் கரை சேர வேண்டும். சின்னவளுக்கு அளவான மிதவை அங்கி ஒன்றை செயின்ட் ஜோன்ஸிலேயே வாங்கிக்கொண்டு போ, படகுகளில் பெரியவர்களுக்கு அளவானதுதான் இருக்கும்.

லாஸ் தெரேனாஸில் எந்த இடத்தில் தங்கப் பார்க்கிறாய் என்று எழுது. பணம் கட்டுவதற்கு முன் எனக்குச் சொல், முன்னால் பார் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா