அறுபத்திரண்டு

மயிலாடுதுறை,
ஞாயிறு இரவு

அன்புள்ள முரளி,

நான்கு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. குறுவை அறுப்பு, அம்மாவுக்குக் கண் அறுவைசிகிச்சை என்று நாள்கள் ஓடிவிட்டன. அம்மா இப்போது கண்ணாடி இல்லாமலே பஞ்சாங்கம் படிக்கிறாள், உன்னையும் விசாரித்தாள். உன் மகளின் தேர்வு முடிவு தெரிந்தது, என் வாழ்த்தைச் சொல். நீயும் பொங்கலுக்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லை என்பதால் இந்தக் கணக்கை இத்தோடு நேர்செய்துகொள்வோம்.

விஷயம் வேறு. வியாழக்கிழமை நாகப்பட்டினத்தில், நம் மேடைகளில் கிடார் வாசித்த அந்தோணி அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணி அவருடைய கிடாரை விற்கப் போகிறார்.

சின்னவளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, கட்டணம் கட்ட வேண்டும். யாரோ ஒருவர் கைப்பேசியில் படத்தை மட்டும் பார்த்துவிட்டு, "1962ஆம் வருடத்து ஃபெண்டர் என்றால் பத்து லட்சத்துக்குக் குறையாது" என்று சொல்லியிருக்கிறார். அதிலிருந்து அண்ணி இரவில் அந்த அறையைப் பூட்டிவிட்டுத்தான் படுக்கிறாராம். நமக்கும் அப்படித்தானே தெரியும்? "இது அறுபத்திரண்டு, கையைக் கழுவிவிட்டு வந்து தொடு" என்று அண்ணன் விரட்டாத நாள் உண்டா? திருக்கடையூரில் முறுக்குக் கையோடு நீ வாங்கிய குட்டு இன்னும் என் காதில் கேட்கிறது.

"வாங்குவதாக இருந்தால் நான்தான் வாங்குவேன் அண்ணி, ஆனால் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்" என்றேன். கூடத்தில் போர்வை விரித்தார். சின்னவள் டார்ச் பிடித்தாள்.

கிடாரின் தலையில் இருக்கும் ஃபெண்டர் என்ற அமெரிக்கக் கம்பெனிப் பெயரை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை, அதை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். அவர்கள் அமெரிக்காவில் செய்த 1962 ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடல் என்றால், பின்பக்கத்தில் கழுத்தையும் உடலையும் நான்கு திருகுகளால் பிணைக்கும் தகட்டில் தொடர் எண் அடித்திருக்க வேண்டும். தகடு வெறுமையாக இருந்தது. தகடு மாற்றியதாகவும் இருக்கலாம் என்று மேலே தேடினேன். கழுத்தின் பின்புறம், உடலோடு சேரும் இடத்துக்குச் சற்று மேலே, அழுக்குக்கு அடியில் மங்கலாக ஏதோ தெரிந்தது. ஈரத்துணியால் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்கச் சொன்னேன். எழுத்து மேலெழுந்து வந்தது: "மேட் இன் ஜப்பான்". பக்கத்தில் ஆங்கில 'ஈ', அதன்பின் ஆறு இலக்கங்கள்.

முரளி, எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஃபெண்டர் ஜப்பானில் கிடார் செய்யத் தொடங்கியதே 1982இல்தான். அந்த இடத்தில் 'ஈ'யும் ஆறு இலக்கமும் இருந்தால் 1984க்கும் 1987க்கும் நடுவில் செய்தது. 1980களின் அமெரிக்கக் கிடார்களிலும் 'ஈ' வரும், ஆனால் அவற்றில் எண் தலையில் இருக்கும். எழுத்தை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் உண்டு. அது எங்கே எழுதியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மனம் வரவில்லை. தந்திகளைத் தளர்த்தி, வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையின் 11 திருகுகளையும் கழற்றினேன். வால்யூம், டோன் குமிழ்களுக்குக் கீழே இருந்து ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பொட்டென்ஷியோமீட்டர்களில் அமெரிக்கக் கம்பெனிகள் ஓர் எண் அடிப்பார்கள். முதல் மூன்று இலக்கம் செய்தவரைச் சொல்லும்: 137 என்றால் சி.டி.எஸ்., 304 என்றால் ஸ்டாக்போல். அடுத்த இரண்டு ஆண்டு, கடைசி இரண்டு வாரம். 3046218 என்று இருந்தால் ஸ்டாக்போல் 1962இன் 18ஆவது வாரத்தில் செய்தது. அதுவும் அந்தப் பாகத்தின் வயதுதான். கிடார் அதற்கு முன்னால் பிறந்திருக்க முடியாது என்று மட்டுமே சொல்லும். ஃபெண்டர் 1966இல் மொத்தமாக வாங்கிப் போட்ட பொட்டென்ஷியோமீட்டர்கள் அந்தப் பத்தாண்டின் கடைசி வரை கிடார்களில் ஏறின. இதில் அப்படி எந்த எண்ணும் இல்லை. மூன்றும் சிறிய அளவு, ஜப்பானின் விலை குறைந்த வகைகளில் வருவது. பழைய ஈயப்பற்று கலையாமல் மங்கியிருந்தது. பக்கவாட்டில் வயர் செருகும் ஜாக்கில் மட்டும் ஒரு பெரிய ஈயக் கட்டி. அது வலங்கைமான் கச்சேரி அன்று, ஜெனரேட்டர் வெளிச்சத்தில் அண்ணன் தானே வைத்தது. உனக்கு நினைவிருக்கும்.

கடைசியாகக் கழுத்தையே கழற்றினேன். அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டார். உடலுக்குள் மறைந்திருந்த மரத்தின் அடியில் மையில் குத்திய முத்திரை: "எஸ்.டி. 62". அதற்குப் பின்னால் ஒரு கோடும் எண்ணும் இருக்க வேண்டும், தேய்ந்துவிட்டது. அது தெரிந்திருந்தால் ஜப்பானில் விற்ற விலையே தெரிந்திருக்கும். 65 என்றால் 65,000 யென், 115 என்றால் 1,15,000 யென்.

அண்ணி தண்ணீரோடு வந்தபோது சொல்லிவிட்டேன். பேசாமல் இருந்தார். பிறகு, "சிதம்பரம் கப்பலில் கொண்டுவந்தார், அது பழைய கப்பல்தானே?" என்று கேட்டார். 1984இல் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பலின் சிங்கப்பூர்ப் பயணங்கள் நின்றுவிட்டன என்று நாகப்பட்டினத்துக்காரருக்கே நான் நினைவூட்ட வேண்டியதாயிற்று. கொஞ்சம் யோசித்து அவரே சொன்னார்: கப்பலில் வந்தது டேப் ரெக்கார்டர். கிடாரோடு விமானத்தில் வந்திறங்கியது, பெரியவனுக்கு வேளாங்கண்ணியில் முடியிறக்கிய வருடம். பெரியவன் பிறந்தது 1985. கழுத்தில் இருந்த எண்ணும் அண்ணியின் நினைவும் ஒரே இடத்தில் வந்து நின்றன.

அடுத்து ஒன்று கேட்டார். "அப்படியானால் எங்களிடம் இத்தனை வருடம் பொய் சொன்னாரா?"

கழுத்தைக் கையில் எடுத்து அந்த முத்திரையைக் காட்டினேன். 1962ஆம் வருடத்து அமைப்பைப் பார்த்து ஜப்பானில் செய்த மாடலின் பெயரே அதுதான். அண்ணன் "அறுபத்திரண்டு" என்றார், அவ்வளவுதான். "ஆம்" என்ற சொல்லையும் "ஆண்டு" என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டது நாம். நீயும் நானும் மேடைக்கு மேடை அதைச் சொல்லிப் பெருமையடித்தோம். அந்த விலை சொன்னவர் காதுக்கும் நம் வாயிலிருந்துதான் போயிருக்கும். அண்ணி முத்திரையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "சரி, மூடிவிடு" என்றார்.

கிடார் நல்ல நிலையில்தான் இருக்கிறது. கஜா புயலில் அந்த வீட்டின் ஓடு பறந்தபோதும் பெட்டியோடு பரணில் இருந்து தப்பியிருக்கிறது. உப்புக் காற்றில் தந்திகள் தங்கும் பாலமும் உள்ளே இருக்கும் சுருள்வில்களும் துருவேறியிருக்கின்றன, துடைத்தால் போகும். கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகளில், அதாவது ஃபிரெட்டுகளில், முதலாவதையும் கடைசியையும் அழுத்திப் பார்த்தேன், கழுத்து வளையவில்லை. வீணையின் மெட்டுகளை மெழுகை இளக்கிப் புதிதாகப் பதித்துவிடலாம். இதில் அடித்து இறக்கிய கம்பி, தேய்ந்தது தேய்ந்தபடியே நிற்கும். முதல் மூன்று ஃபிரெட்டுகளில், இரண்டாவது தந்திக்கு நேரே, நகக்கண் அளவுக்குப் பள்ளம். பன்னிரண்டுக்கு மேல் எல்லாம் புதிது போல இருக்கிறது. பல தந்திகளை ஒன்றாக அழுத்திக் கார்டு பிடித்தே வாழ்நாள் முழுவதும் மற்றவர்களைப் பாடவைத்த கை. அந்தப் பள்ளத்தில் என் விரலை வைத்தேன், கண் கலங்கிவிட்டது. ஃபிரெட் மாற்றச் சொல்வார்கள், நான் மாற்ற மாட்டேன்.

இப்போது என் கவலை. எண்பதாயிரம் தருகிறேன் என்று வாய்வரை வந்தது, சொல்லவில்லை. பத்து லட்சம் என்ற நம்பிக்கையை உடைத்தவன் நான், வயதைச் சொன்னவன் நான், வாங்க ஆசைப்படுகிறவனும் நான். அண்ணி என்னை நம்புவார் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நான் ஐம்பது என்றாலும் சரி என்பார். ஆகவே விலையை நீ சொல். சென்னையில் பழைய கிடார் வாங்கி விற்கிற இரண்டு மூன்று பேரிடம், யாருடையது என்று சொல்லாமல், 1984-87 ஜப்பான் எஸ்.டி. 62, சிறிய பொட்டென்ஷியோமீட்டர், கழுத்து நேர், முதல் ஃபிரெட்டுகள் தேய்ந்தவை என்று மட்டும் சொல்லிக் கேள். அவர்கள் சொல்வதில் உயர்ந்ததைக் கொடுக்கிறேன். என் தொகை போதாது என்றால் மீதியை நீ போடு. கல்லூரியில் முதல் தவணை கட்ட இந்த மாதக் கடைசி வரைதான் நேரம்.

இன்னொன்று. தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் மூன்று பிக்கப்புகளில் நடுவில் இருப்பதன் மூடி மட்டும் மற்ற இரண்டைவிட வெளுப்பாக இருக்கிறது. பிற்பாடு மாற்றியதா, வந்தபோதே அப்படியா என்பது விலையைப் பாதிக்கும். 1987 வேளாங்கண்ணித் திருவிழா மேடையில் எடுத்த வண்ணப்படம் உன்னிடம்தான் இருக்கிறது. என்னிடம் வாங்கிப்போய்த் திருப்பித் தராத அதே படம். அதில் அண்ணன் கிடாரை நேராகக் காட்டிக்கொண்டு நிற்பார். லென்ஸ் வைத்துப் பார்த்து அந்த மூன்று மூடிகளும் ஒரே நிறமா என்று எழுது. அப்புறம் படத்தையே அனுப்பு. அண்ணியிடம் அந்த நாளின் படம் ஒன்றுகூட இல்லையாம்.

அடுத்த ஞாயிறு மறுபடி நாகப்பட்டினம் போகிறேன். அதற்குள் உன் பதில் வர வேண்டும்.

அன்புடன்,
சந்துரு