சுவர் உள்வாங்கியது ஏன்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அச்சுத் தாளை வெட்டி ஒட்டி நீ செய்த காகிதக் கட்டடம், ரோபோ இரண்டின் படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆலைக் கட்டடத்தின் நீளச் சுவர் நடுவில் உள்வாங்கியிருக்கிறது. கூரை ஒரு பக்கம் துருத்திக்கொண்டு நிற்கிறது. ரோபோ கணுக்காலில் மடிந்து குப்புற விழப் பார்க்கிறது. "இன்னும் கனமான அட்டை வாங்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். கட்டடத்தின் அச்சுத் தாளுக்கு 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) போதும், ரோபோவின் சின்ன பாகங்களுக்கு 160 போதும். கனம் கூடக் கூட, 5 மி.மீ. அகலமுள்ள சின்ன மடிப்புகளில் தாள் வெடித்து அச்சு உரிந்துவிடும். காகிதத்துக்குப் பலம் தருவது மடிப்பும் உள்ளே நாம் வைக்கும் விலாவும்தான்.

முதலில் சுவர். 2 மி.மீ. அட்டையின் வெளிப்பக்கத்தில் மட்டும் அச்சுத் தாளை வெள்ளைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறாய். பசையிலுள்ள தண்ணீரைக் குடித்துத் தாள் விரிகிறது. காயும்போது அது சுருங்கி, அட்டையைத் தன் பக்கம் இழுக்கிறது. வெளியே ஒட்டிய தாள் சுருங்கினால் சுவரின் நடு உள்ளேதான் போகும். இதற்கு மருந்து, உள்பக்கத்திலும் ஒரு தாளை அதே பசையால் அதே நேரத்தில் ஒட்டுவது. இரண்டும் சமமாக இழுத்தால் சுவர் நேராக நிற்கும். ஒட்டியதும் இரு பக்கமும் வெறும் தாள் வைத்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு முழுக்க விட்டுவிடு. தொட்டால் காய்ந்தது போல இருக்கும், ஆனால் உள்ளே ஈரம் இருக்கும். அவசரப்பட்டு எடுத்தால் மேசைமேல் இருந்தபடியே மறுபடி வளையும்.

தாளுக்கு நார்த்திசை உண்டு, அதையும் பார்த்துக்கொள். தாளை இரண்டு பக்கமாகவும் மெல்ல வளைத்துப் பார். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் சுலபமாக வளைகிறதோ, அந்த வளைவுக் கோடு ஓடும் திசைதான் நார்த்திசை. சுவரின் இரு பக்கத் தாளுக்கும் இது ஒன்றாக இருக்க வேண்டும். எண்ணெய்த் தொட்டி மாதிரி உருளை செய்யும்போது நார் உருளையின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் வட்டமாக வராது, பல பட்டைகளாக உடையும்.

வளைவை எடுத்த பிறகும் 150 மி.மீ. நீளச் சுவரை வெறுமனே விடாதே. விளையாடும்போது கை பட்டாலே அமுங்கும். 50 மி.மீ.க்கு ஒன்றாக உள்ளே குறுக்குத் தடுப்பு வை, நான் சொன்ன விலா இதுதான்; அவற்றைக் கோக்க நீளவாட்டில் ஒரு தடுப்பும் வை. நீளவாட்டில் போகும் தடுப்பில் மேலிருந்து பாதி உயரமும், குறுக்கே போவதில் கீழிருந்து பாதி உயரமும் பிளந்து ஒன்றுக்குள் ஒன்று கோத்துவிடு. பிளவின் அகலம் அட்டையின் தடிமனே, அதாவது 2 மி.மீ. குறைந்தால் அட்டை கசங்கும், கூடினால் ஆடும். உள்ளே பொம்மைகளை வைத்து ஆட வேண்டிய அறையானால் தடுப்பைக் கூரையின் அடியில் ஒட்டிவிட்டு, கூரையைத் தனியாகக் கழற்றும்படி விடு.

கூரை துருத்துவதற்குக் காரணம் பிரிண்டர் என்று நினைக்கிறேன். 'தாளுக்குப் பொருத்து' என்ற அமைப்பில் சில பக்கங்கள் போயிருக்கும். 216 மி.மீ. அகலத் தாளுக்கு வரைந்ததை 210 மி.மீ. ஏ4 தாளில் அடைத்தால் ஏறக்குறைய 97 சதவீதம் ஆகிவிடும். 150 மி.மீ. சுவரில் 4 மி.மீ. காணாமல் போகும். எல்லாப் பக்கத்தையும் 100 சதவீதத்தில் அச்சிட்டு, பக்கத்திலுள்ள அளவுக்கோட்டை ஸ்கேல் வைத்து அளந்த பிறகே கத்தியை எடு. 1 அங்குலம் என்று போட்டிருந்தால் 25.4 மி.மீ. இருக்க வேண்டும்.

இங்க்ஜெட் அச்சு ஈரம் பட்டால் கரையும். வெட்டுவதற்கு முன்பே மேட் வார்னிஷ் ஸ்பிரேயை மெல்லியதாக இரண்டு மூன்று முறை அடித்துக் காயவிடு. ஒரே தடவையில் நனைத்துவிட்டால் தாள் நெளியும். லேசர் அச்சு கரையாது, ஆனால் மடிப்பில் தூள் உதிர்ந்து வெள்ளைக் கோடு தெரியும். வெட்டிய ஓரமும் வெள்ளையாகத்தான் இருக்கும். ஒட்டுவதற்கு முன்பே அதே நிற ஸ்கெட்ச் பேனாவைப் பக்கவாட்டில் வைத்து ஓரத்தில் இழுத்துவிடு. ஒட்டிய பிறகு செய்தால் மை முகப்பில் ஏறும். இந்த ஒரு வேலையைச் செய்தாலே பொருள் காகிதம் மாதிரி தெரியாது.

மடிப்புக் கோட்டைக் கத்தியால் கீறாதே. மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவை ஸ்டீல் ஸ்கேலோடு ஒட்டி ஒரு முறை அழுத்தி இழு. நார் அறுபடாமல் அமுங்கினால்தான் மடிப்பு கூராக வரும்.

இப்போது ரோபோ. அதன் எடை முழுக்கக் கணுக்காலில் உள்ள ஒட்டும் பட்டையில் உட்கார்ந்திருக்கிறது. பசை நன்றாகப் பிடித்தாலும் தாள் இரண்டு அடுக்காகப் பிரியும். 3 மி.மீ. மூங்கில் குச்சி ஒன்றைப் பாதத்திலிருந்து முழங்கால்வரை உள்ளே விடு. துளைக்கு வட்டம் வெட்டாதே. கத்தி முனையால் கூட்டல் குறி போலக் கீறி, குச்சியைத் தள்ளு. நான்கு முக்கோணங்களும் உள்பக்கம் மடிந்து குச்சியைப் பிடித்துக்கொள்ளும். பிறகு சாதாரண 80 ஜிஎஸ்எம் தாளில் 5 மி.மீ. அகலம், 100 மி.மீ. நீளம் பட்டை வெட்டி, பசை தடவிக் குச்சியைச் சுற்றி இறுக்கிச் சுருட்டு. கிட்டத்தட்ட 5 மி.மீ. பருமனில் ஒரு வளையம் வரும். அதைக் கணுக்காலின் உள்ளே தட்டையான பரப்போடு ஒட்டிவிட்டால் எடை அந்த ஒட்டும் பட்டையில் விழாது, வளையத்தில் விழும். உள்ளங்காலைக் கடைசியில் மூடு. அதற்கு முன் பாதத்துக்குள் ஓர் இரும்பு வாஷர் வைத்துவிடு. ரோபோ நிற்கும் அடித்தட்டிலும் ஒன்று வை, குப்புற விழாது.

கையைக் கழற்றி மாட்ட 3 மி.மீ. விட்டம், 1 மி.மீ. தடிமன் காந்தம் போதும். காந்தங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றையும் பிரிக்கும்போது மேல்முகத்தில் மார்க்கரால் புள்ளி வை. உடலில் உள்ளதற்குப் புள்ளி வெளியே, கையில் உள்ளதற்குப் புள்ளி உள்ளே. அச்சுத் தாளில் நேராக ஒட்டினால் கழற்றும்போது தாளே கிழிந்து வரும். அதனால் உள்ளே 10 மி.மீ. சதுர அட்டைத் துண்டை ஒட்டி, அதன்மேல் ஒட்டு.

வாசல்களையும் அளந்து பார். 28 மி.மீ. உயரப் பொம்மை 25 மி.மீ. அகல அடித்தட்டோடு நுழைய 30 மி.மீ. அகலம் வேண்டும். உன் பெரிய வீரர் பொம்மைகள் 32 மி.மீ. தட்டில் நிற்பதால் 37 வைத்துவிடு.

புதுச் சுவர் கட்டியதும் கூரை மூடுவதற்கு முன்பே ஒரு படம் எடுத்து அனுப்பு. உள்ளே தடுப்புகள் கோத்திருப்பது தெரிகிற மாதிரி மேலிருந்து எடு.

அன்புடன்,
அம்மா