ஆயிரம் பவுண்டு ஆல்ஃப் காமனுக்குக் கிடைக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

கால்பந்து வீரர்களின் மாற்றுக் கட்டணம் (ஒரு வீரரைப் பெற ஒரு கழகம் மற்றொரு கழகத்துக்குச் செலுத்தும் தொகை) குறித்துத் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரை, ஆல்ஃப் காமனை '1905இல் ஆயிரம் பவுண்டு பெற்ற முதல் வீரர்' என்கிறது. அவர் அதைப் பெறவில்லை. அவரைப் பெற மிடில்ஸ்பரோ கழகம் சண்டர்லாந்து கழகத்துக்குச் செலுத்திய தொகை அது. 1901 முதல் இங்கிலாந்தில் வீரரின் உச்ச ஊதியம் வாரத்துக்கு 4 பவுண்டு. ஆண்டு முழுவதும் கணக்கிட்டாலும் 208 பவுண்டுதான். அவருக்காகக் கைமாறிய பணம் ஏறத்தாழ ஐந்து ஆண்டுச் சம்பளம். அன்று ஒரு வீரர் வேறு கழகத்துக்குப் போக விரும்பினாலும், பழைய கழகம் தன்னிடமுள்ள அவரது வீரர் பதிவை விடுவிக்காதவரை லீக்கில் அவரால் ஆட முடியாது. ஊதிய வரம்பு 1961 வரை நீடித்தது.

பழைய ஆட்டப் பதிவுகளைப் புரட்டும்போது இந்தக் குழப்பத்தை அடிக்கடி காண்கிறேன். விலை மட்டும் நினைவில் நிற்கிறது, ஆட்டம் மறைந்துவிடுகிறது. 1902இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் ஷெஃபீல்டு யுனைடெட்டுக்காகக் கோல் அடித்தவர் காமன். 1905 பிப்ரவரி 25 அன்று அதே ஷெஃபீல்டு யுனைடெட்டின் பிரமால் லேன் மைதானத்தில், மிடில்ஸ்பரோவுக்கான முதல் ஆட்டத்திலேயே பெனால்டியை வலைக்குள் செலுத்தினார். ஆட்டம் 1–0. வெளி மைதானத்தில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாக வெற்றியையே காணாத அணி அது! அந்தப் பருவத்தில் லீக்கின் உச்ச நிலையான முதல் பிரிவிலிருந்து இறங்காமலும் தப்பியது. இனி இத்தகைய பட்டியல்களை வெளியிடும்போது, கழகத்துக்குப் போன தொகையையும் வீரரின் ஊதியத்தையும் தனித்தனிப் பத்திகளில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.