இன்னொரு ஹிட்டிங்கைத் தேடுவதை விடுங்கள்: கொரியக் கால்பந்துச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்கத்தின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

உங்கள் தென்கொரிய தேசிய அணி தடுமாறும்போதெல்லாம் ஒரு பெயர் மறுபடி கிளம்பிவிடுகிறது: குஸ் ஹிட்டிங்க், 2002 உலகக் கோப்பையில் உங்கள் அணியை அரையிறுதி வரை கொண்டுபோன பயிற்சியாளர். 2017-இல் உலகக் கோப்பைக்கு ஒரு வருடம்கூட இல்லாத நேரத்தில், எழுபது வயதான அவரையே திரும்பக் கூப்பிட வேண்டும் என்று ரசிகர்கள் கேட்டார்கள். ரசிகர்கள் கேட்கலாம், அது அவர்கள் பாசம். ஆனால் அந்த ஹாலந்துக்காரரை அழைத்து வந்த சங்கமே, அன்று அவருக்குத் தான் என்ன செய்து கொடுத்தது என்பதை மறந்துவிட்டது போலத் தெரிகிறது. அதை நினைவுபடுத்தத்தான் இந்தக் கடிதம்.

1998 ஜூனில் மார்சேயில் நடந்த ஆட்டத்தில் கொரியா 0-5 என்று தோற்றது. எதிரணி நெதர்லாந்து, அதன் பயிற்சியாளர் ஹிட்டிங்க். தோற்ற கையோடு, உலகக் கோப்பை நடந்துகொண்டிருக்கும்போதே, உங்கள் பயிற்சியாளர் சா பும்-குன்னைப் பதவியிலிருந்து தூக்கினீர்கள். ஜெர்மனியில் பத்தாண்டுகள் ஆடி உங்கள் நாட்டுக்கே பெயர் வாங்கித் தந்தவர் அவர். அடுத்த ஆட்டம் வரைகூடப் பொறுக்கவில்லை.

2001 ஜனவரியில் அதே ஹிட்டிங்க் உங்களிடம் வேலைக்கு வந்தார். மே மாதம் டேகுவில் பிரான்சிடம் 0-5. ஆகஸ்டில் செக் குடியரசிடம் இன்னொரு 0-5. பத்திரிகைகள் அந்த ஸ்கோரையே அவருக்குப் பட்டப்பெயராக வைத்தன. 2002 தொடக்கத்தில் அமெரிக்காவில் கோல்டு கப், வட அமெரிக்க வட்டார நாடுகளின் போட்டி. ஐந்து ஆட்டம் ஆடி, தொண்ணூறு நிமிடத்துக்குள் ஒன்றைக்கூட ஜெயிக்கவில்லை. மெக்சிகோவைப் பெனால்டியில் தாண்டியதோடு சரி. சொந்த மண்ணில் உலகக் கோப்பை தொடங்க நான்கே மாதம் இருந்தது. ஆனாலும் அவரை வைத்துக்கொண்டீர்கள். தொழில்நுட்பக் குழுத் தலைவர் லீ யுங்-சூ அவர் பக்கம் நின்றார். ஒரே ஒரு 0-5-க்கு சா பும்-குன்னை அனுப்பிய சங்கம், இரண்டு 0-5-ஐத் தாங்கிக்கொண்டது. 2002-ஐப் பற்றிப் பேசும்போது நீங்கள் முதலில் பேச வேண்டியது இதைத்தான் என்பேன்.

அந்தப் பதினெட்டு மாதங்களில் அவருக்குக் கிடைத்ததை இன்று எந்தத் தேசிய அணிப் பயிற்சியாளரும் கனவில்தான் காண முடியும். உங்கள் உள்நாட்டு லீக்கான கே லீக்கின் கிளப்புகள் வீரர்களை நீண்ட முகாம்களுக்கு விட்டுக்கொடுத்தன. தேசிய அணி ஏறக்குறைய ஒரு கிளப் அணி மாதிரி சேர்ந்தே இருந்தது. கொரிய வீரர்களுக்கு உடல் வலு உண்டு, நுணுக்கம்தான் போதாது என்பது அதுவரை எல்லோரும் நம்பிய கதை. ஹிட்டிங்க் அதைத் தலைகீழாகச் சொன்னார்: நுணுக்கம் பரவாயில்லை, உடல் தகுதிதான் போதாது. அப்புறம் ஓட்டம், ஓட்டம், மேலும் ஓட்டம்.

மூத்தவர், இளையவர் என்ற வரிசையையும் அவர் விட்டுவைக்கவில்லை. மைதானத்துக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். பந்தைக் காலில் உருட்டிக்கொண்டு நடுக்களம் வரை போன கோல்கீப்பர் கிம் பியுங்-ஜியை அந்த ஆட்டத்திலேயே மாற்றினார். உலகக் கோப்பையில் கோல் முன்னால் நின்றவர் லீ வூன்-ஜே. அணித் தலைவர் ஹாங் மியுங்-போவையே சில காலம் அணிக்கு வெளியே வைத்திருந்துதான் திரும்ப எடுத்தார்.

அந்த உலகக் கோப்பையின் இரண்டாம் சுற்றில் இத்தாலியுடனான ஆட்டம் எங்களுக்கு இந்திய நேரப்படி மாலை ஐந்து மணிக்கு. ஆன் ஜுங்-ஹ்வான் தொடக்கத்திலேயே பெனால்டியைக் கோட்டைவிட்டார். ஹிட்டிங்க் அவரை வெளியே எடுக்கவில்லை. 0-1 என்று பின்தங்கியிருந்த நிலையில் தடுப்பாட்டக்காரர்களை ஒவ்வொருவராக வெளியே எடுத்துவிட்டு, முன்கள வீரர்களை உள்ளே அனுப்பிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஹாங் மியுங்-போவும் வெளியே. அவருக்குப் பதிலாக வந்தவர் சா டு-ரி, நீங்கள் 1998-இல் அனுப்பிய சா பும்-குன்னின் மகன். 88-வது நிமிடத்தில் சோல் கி-ஹியோன் சமன் செய்தார். 117-வது நிமிடத்தில், பெனால்டியைத் தவறவிட்ட அதே ஆன், தங்க கோல்; கூடுதல் நேரத்தில் விழுந்ததும் ஆட்டத்தையே முடித்துவிடும் கோல் அது. அதற்கு முந்தைய ஐந்து உலகக் கோப்பைகளில் 14 ஆட்டங்கள் ஆடி ஒரு வெற்றிகூடப் பார்க்காத அணி அது!

நடுவர்களின் முடிவுகளைப் பற்றி இத்தாலிக்காரர்களும், காலிறுதியில் உங்களிடம் தோற்ற ஸ்பெயின்காரர்களும் இன்றும் பொருமுகிறார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் போலந்தையும் போர்ச்சுகலையும் வென்று பிரிவில் முதலிடம் பிடித்ததை நடுவர்கள் கணக்கில் எழுதிவிட முடியாது.

சரி, அதன் பிறகு என்ன செய்தீர்கள்? மனிதரைத்தான் நகல் எடுத்தீர்கள். 2003 முதல் 2007 வரை நான்கு வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள், அதில் மூவர் ஹாலந்துக்காரர்கள். போர்ச்சுகலின் கொயல்யோ மாலத்தீவுடன் 0-0 ஆனதும் போனார். போன்ஃப்ரேர் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றுக் கொடுத்தும், இரண்டே மாதத்தில் போனார். 2002-இல் ஹிட்டிங்கின் உதவியாளராக இருந்த பிம் வெர்பேக் ஆசியக் கோப்பையில் மூன்றாம் இடத்தோடு விலகினார். இடையில் டிக் அட்வகாட். 2006 உலகக் கோப்பைக்கு ஒரு வருடத்துக்கும் குறைவான நேரத்தில் வந்து, டோகோவை வென்று, பிரான்சுடன் 1-1 எடுத்து, முதல் சுற்றோடு நின்றார்.

அட்வகாட்டின் பிற்பாட்டைப் பாருங்கள். 2024 தொடக்கத்தில் கியுரசாவ் அணியை எடுத்தார். சுமார் ஒன்றரை லட்சம் பேர் வாழும் கரீபியத் தீவு. ஏறக்குறைய இரண்டு வருடம் கிடைத்தது. 2025 நவம்பரில் கிங்ஸ்டனில் ஜமைக்காவுடன் 0-0 எடுத்து, உலகக் கோப்பைக்குத் தகுதிபெற்ற மிகச் சிறிய நாடானது. குடும்பக் காரணத்தால் அவர் அன்று மைதானத்தில்கூட இல்லை. அணி தானாகவே நின்றது.

ஹிட்டிங்க் ஆஸ்திரேலியாவுக்கு என்ன இரண்டு வருடமா எடுத்துக்கொண்டார் என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், 2005-இல் ஹாலந்தின் பி.எஸ்.வி. கிளப்பைப் பார்த்துக்கொண்டே சில மாதங்களில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் உருகுவேயைத் தாண்ட வைத்தார். ஆனால் விடுகா, கியுவெல், கேஹில், ஷ்வார்ட்சர் என்று ஐரோப்பாவில் ஆடிப் பழகிய ஆட்கள் அங்கே தயாராக இருந்தார்கள். 2002-இல் உங்கள் அணியில் அப்போது ஐரோப்பிய கிளப்புகளில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் இரண்டே பேர். வேறு சில இடங்களில் ஹிட்டிங்கின் கைராசி பலிக்கவும் இல்லை. துருக்கியை யூரோ 2012-க்குக் கொண்டுபோக முடியவில்லை. 2014-இல் சொந்த நாட்டு அணிக்கே திரும்பி, ஒரு வருடத்துக்குள் வெளியேறினார். சீனாவின் இளையோர் அணி அவரைச் சுமார் ஒரு வருடத்தில் அனுப்பிவிட்டது. அதே ஆள்தான், அதே மூளைதான்.

சமீபத்தில் ஒரே ஒருமுறை நீங்கள் பொறுத்துப் பார்த்தீர்கள். பாவுலோ பென்டோவுக்கு 2018 முதல் நான்கு ஆண்டுகள். 2022 கத்தார் உலகக் கோப்பையில் போர்ச்சுகலை வென்று இரண்டாம் சுற்று. அதன்பின் கிளின்ஸ்மன், ஒரே வருடம். 2024 ஜூலையில் ஹாங் மியுங்-போவைப் பயிற்சியாளராக எடுத்தபோது, தேர்வுக் குழுவில் இருந்த பார்க் ஜூ-ஹோவே நடைமுறையை வெளிப்படையாகக் குறை சொன்னார். கிளின்ஸ்மன், ஹாங் இருவரின் நியமனங்களிலும் விதிகள் பின்பற்றப்படவில்லை என்று உங்கள் அரசின் தணிக்கையும் சொல்லிவிட்டது. இப்படி வாசலிலேயே சந்தேகத்தோடு நுழைகிறவர் எத்தனை தோல்வியைத் தாங்க முடியும்? ஹிட்டிங்கை எதற்காக எடுத்தோம் என்று லீ யுங்-சூவால் ஊருக்குச் சொல்ல முடிந்தது. அதனால்தான் 0-5 வந்தபோதும் அவரால் அசையாமல் நிற்க முடிந்தது.

பழையபடி மாதக்கணக்கில் முகாம் போட இப்போது வழியில்லை என்பது எனக்கும் தெரியும். உங்கள் சிறந்த வீரர்கள் ஐரோப்பிய கிளப்புகளில் இருக்கிறார்கள், அவர்களை யார் விடப்போகிறார்கள்? ஆனால் இரண்டு காரியம் உங்கள் கையில் இருக்கிறது. அடுத்த பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது, யார் யாரைப் பரிசீலித்தோம், ஏன் இவர் என்று தேர்வுக் குழு எழுத்தில் வெளியிடட்டும். அவருடைய ஒப்பந்தம் ஒரு உலகக் கோப்பை முடிந்ததிலிருந்து அடுத்தது வரை ஓடட்டும். நடுவில் மதிப்பிடும் தேதியையும் முதல் நாளே அறிவித்துவிடுங்கள். அந்தத் தேதிக்கு முன்னால் யாராவது 0-5 என்று தோற்றால், தேர்வுக் குழுத் தலைவர் ஊடகத்தின் முன் வந்து பதில் சொல்லட்டும். 2001-இல் உங்கள் அலுவலகத்தில் இதைச் செய்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழ்க் கால்பந்து ரசிகன்