கிருபைக்கு ஒரு வரிசை உண்டு

அன்பு மகளுக்கு,

இயேசுவின் இனிய நாமத்தில் வாழ்த்துகள்.

உன்னோடு வேலை செய்யும் தோழி கேட்டதை எழுதியிருந்தாய். "எல்லாம் கிருபை என்றால், இஷ்டத்துக்கு வாழ்ந்துவிட்டுக் கடைசியில் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாமே?" பதில் சொல்லத் தெரியாமல் விழித்தேன் என்று வருத்தப்பட்டிருந்தாய். வருத்தப்படாதே. அந்தக் கேள்வி வந்ததே நீ சரியாகச் சொல்லியிருக்கிறாய் என்பதற்கு அடையாளம். "நல்லது செய், கடவுள் ஏற்றுக்கொள்வார்" என்று நீ சொல்லியிருந்தால் யாரும் இப்படிக் கேட்கமாட்டார்கள். ரோமர் 6ஆம் அதிகாரம் இந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறது. அந்த நிருபத்தை எழுதிய பவுல் "கூடாதே" என்கிறார். ஆனால் கிருபையின் அளவைக் கொஞ்சமும் குறைத்துக்கொண்டு அதைச் சொல்லவில்லை. பாவத்துக்கு மரித்தவன் அதிலேயே எப்படிப் பிழைப்பான் என்று திருப்பிக் கேட்கிறார்.

உன் தோழிக்கான பதில் வரிசையில் இருக்கிறது. எது முதலில், எது பிறகு என்பதைப் பிடித்துக்கொள். மற்றதெல்லாம் தானாக வந்து சேரும். பத்துக் கட்டளைகளை எடுத்துப் பார். யாத்திராகமம் 20இல் முதல் கட்டளைக்கு முன்னால் ஒரு வசனம் இருக்கிறது: உன்னை அடிமைத்தன வீட்டிலிருந்து புறப்படப்பண்ணின தேவன் நானே. விடுதலை முதலில், கட்டளை பிறகு. கட்டளையைக் கைக்கொண்டால் விடுவிக்கிறேன் என்று அடிமைகளாய் இருந்தவர்களிடம் அவர் பேரம் பேசவில்லை. எபேசியர் 2இல் 8, 9, 10 வசனங்களும் அப்படியே. "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்று 8 சொல்கிறது. நற்கிரியைகள் 10இல்தான் வருகின்றன. நம் ஆட்களில் பாதிப் பேர் 9ஓடு நிறுத்திவிடுகிறார்கள், மீதிப் பேர் 10ஐ 8க்கு முன்னால் கொண்டுபோய் வைக்கிறார்கள். இரண்டுமே கெடுதல்.

லூக்கா 19இல் வரும் வரிவசூல்காரன் சகேயுவின் கதையைச் சிறுபிள்ளையிலிருந்து கேட்டிருக்கிறாய். இந்த முறை கணக்கோடு வாசி. ஏமாற்றி வாங்கியதை அறிக்கையிட்டுத் திருப்பிக் கொடுப்பவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்கவேண்டும் என்று லேவியராகமம் 6உம் எண்ணாகமம் 5உம் சொல்கின்றன. நூறு வாங்கியிருந்தால் நூற்றிருபது. சகேயு நாலத்தனை என்கிறான், அதாவது நானூறு. அதற்கு முன்பே ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்கு என்று சொல்லியாயிற்று. இயேசு அவனிடம் ஒரு காசும் கேட்கவில்லை. இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும் என்று மட்டும்தான் சொன்னார், அதுவும் தம்மைப் பார்க்க ஏறிய மரத்தில் அவன் இருக்கும்போதே. ஏற்றுக்கொள்ளப்பட்டவன் சட்டம் கேட்டதைவிட அதிகம் கொடுக்கிறான். உன் தோழியின் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

லூக்கா 15இல் உள்ள கெட்ட குமாரன் உவமையையும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார். தகப்பன் கொடுத்த சொத்தை அழித்துவிட்ட இளைய மகன் ஊருக்குப் புறப்படுமுன் பேசவேண்டியதை மனப்பாடம் செய்துகொள்கிறான். அதில் மூன்று பகுதி: பாவம் செய்தேன், உம்முடைய மகன் எனப்பட நான் தகுதியில்லை, கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும். 21ஆம் வசனத்தில் தகப்பன் முன்னால் நின்று சொல்லும்போது முதல் இரண்டுதான் வருகின்றன. மூன்றாவதைச் சொல்ல அவனுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. அதற்குள் வஸ்திரம், மோதிரம், பாதரட்சை என்று தகப்பன் வேலைக்காரர்களிடம் பேச ஆரம்பித்துவிட்டார். கூலிக்காரனாகச் சம்பாதித்து மகனாகும் வழியை அவர் திறக்கவே இல்லை. மூத்தவன் "உம்முடைய குமாரனாகிய இவன்" என்கிறான், தம்பி என்ற சொல் அவன் வாயில் வரவில்லை. தகப்பன் அதைத் திருத்தி "உன் சகோதரனாகிய இவன்" என்கிறார். வீட்டிலேயே இருந்துகொண்டு கூலிக்காரனாய் வாழ்ந்தவன் மூத்தவன்தான். சபையில் வளர்ந்த உனக்கும் எனக்கும் அவனுடைய நோய் வர வாய்ப்பு அதிகம். தவறு செய்த ஒருவரை மன்னித்து ஏற்றுக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டதும் மனதில் ஒரு எரிச்சல் வருகிறதா பார். அதுதான் சோதனைக் கருவி.

இனி, சொல்லும் முறை. நாம் சாதாரணமாகப் புழங்கும் சொற்கள் வெளியே இருப்பவர் காதில் வேறு மாதிரி விழும். ஏதாவது காரியம் நல்லபடி முடிந்தால் எல்லாரும் "கடவுள் கிருபை" என்கிறார்கள். ஆகவே கிருபை என்றால் அதிர்ஷ்டம் என்றுதான் அவளுக்குக் கேட்கும். "இலவசம்" என்று விளக்கினால் மதிப்பில்லாத பொருள் என்று நினைப்பாள். புண்ணியம் சேர்ப்பது என்ற கணக்கு அவள் மனதில் ஏற்கெனவே இருந்தால், நீ சொல்வதையெல்லாம் அந்தக் கணக்கில்தான் வரவு வைப்பாள். கத்தோலிக்க நண்பர்கள் "அருள்" என்பார்கள், அது நல்ல தமிழ்ச் சொல். கிரேக்கத்தில் காரிஸ்; மகிழ்ச்சி என்று பொருள்படும் காராவும் அதே வேரிலிருந்து வந்ததுதான். நீ அவளிடம் "தகுதி பார்க்காமல் கொடுக்கப்பட்ட தயவு, அதன் செலவைக் கொடுத்தவரே ஏற்றுக்கொண்டார்" என்று சொல்லிப் பார். இரண்டாவது பாதியை விட்டுவிடாதே. மலிவான கிருபை என்று ஜெர்மன் இறையியலாளர் போன்ஹோஃபர் எச்சரித்தாரே, அது அந்தப் பாதியை விட்டால் வருவது.

செலவைப் புரியவைக்க மத்தேயு 18இல் உள்ள உவமையின் கடன் கணக்கு உதவும். ஒரு ஊழியக்காரன் ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருந்தான். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். பதினாயிரம் தாலந்து என்றால் 6 கோடி நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் வேலை செய்தாலும் 2 லட்சம் ஆண்டு ஆகும். அந்த ஊழியக்காரன் "எல்லாவற்றையும் தீர்க்கிறேன், பொறுத்துக்கொள்ளும்" என்று தவணை கேட்கிறான். ராஜா தவணை கொடுக்கவில்லை, கடனையே தள்ளிவிட்டான். இங்கே நிறுத்தி அவளிடம் கேள்: தள்ளுபடியான பணம் எங்கே போயிற்று? மாயமாய் மறையவில்லை. ராஜாவின் தலையில் விழுந்தது. சிலுவையைப் பற்றி அங்கே பேசு, அதற்கு முன்னால் வேண்டாம்.

அவள் கேட்டால் பேசு. கேட்காதபோது "இதைப் பற்றிச் சொல்லட்டுமா?" என்று ஒரு தரம் கேள், வேண்டாம் என்றால் விட்டுவிடு. மூன்று நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் பேசாதே. அவள் சொன்னதை முதலில் உன் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, "இதைத்தானே சொல்கிறாய்?" என்று உறுதி செய்துகொள். வாதத்தில் ஜெயித்து ஆளை இழப்பவர்கள் நம்மில் நிறைய. 1 பேதுரு 3:15ஐ எல்லாரும் பதில் சொல்ல ஆயத்தமாயிரு என்பதோடு முடித்துவிடுகிறார்கள். சாந்தத்தோடும் வணக்கத்தோடும் என்பதும் அதே வசனம்தான். உனக்குக் கீழே வேலை செய்கிறவர்களிடம் நீயாக இந்தப் பேச்சை எடுக்கவே எடுக்காதே. அவர்களால் உன்னிடம் மறுத்துப் பேசமுடியாது. மறுக்கமுடியாதவர் சொல்லும் சம்மதம் சம்மதமாகாது. துக்க வீட்டிலும் நோயாளியின் படுக்கையருகிலும் பயமுறுத்தி யாரையும் இழுக்காதே. உதவி செய்தால் அதற்குள் தூண்டில் வைக்காதே. சபைக்கு வந்தால் மட்டும் தொடரும் உதவி கூலி, கிருபை அல்ல. நீ வாயால் சொன்னதை அது அழித்துவிடும்.

உன் அறைத்தோழி விஷயத்துக்கு வருகிறேன். நாலு பேர் முன்னால் அவளைக் கடுமையாகப் பேசிவிட்டேன் என்று எழுதியிருந்தாய். மன்னிப்புக் கேட்கப் போகும்போது இப்படிச் செய். என்ன செய்தாய் என்பதைப் பெயர் சொல்லிச் சொல்: "உன்னைப் பொய்க்காரி என்றேன், எல்லார் முன்னாலும் சொன்னேன், அது தப்பு." "உன் மனம் புண்பட்டிருந்தால்" என்று ஆரம்பிக்காதே, குற்றம் அவள் மனதில் இருப்பதுபோல் ஆகிவிடும். "ஆனால்" என்ற சொல்லைத் தொடாதே, அது வந்தால் அதற்கு முன் சொன்னதெல்லாம் அடிபட்டுப் போகும். எத்தனை பேர் முன்னால் பேசினாயோ அத்தனை பேருக்கும் தெரியத் திருத்திச் சொல். ஏதாவது நஷ்டம் உண்டானால் சகேயுவை நினைத்துக்கொள். கடைசியில் "மன்னித்துவிட்டாய்தானே?" என்று உடனே பதில் கேட்காதே. அவள் எடுத்துக்கொள்ளும் நேரம் அவளுடையது.

ஒன்றைக் கவனித்தாயா? தான் ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறேன் என்று அறிந்தவளுக்குத்தான் இப்படி "ஆனால்" இல்லாமல் பேச வரும். தன் நல்ல பெயரில்தான் தன் உயிர் இருக்கிறது என்று நினைப்பவர் அந்தப் பெயரைக் காக்க ஏதாவது ஒரு சாக்கை ஒட்டிக்கொண்டேதான் இருப்பார்.

நீ மன்னிக்கவேண்டிய இடத்திலும் கணக்கைப் பொய்யாக்காதே. மத்தேயு 18 உவமையில், கடன் தள்ளப்பட்ட அந்த ஊழியக்காரனிடம் உடன்வேலைக்காரன் பட்ட கடன் நூறு வெள்ளிப்பணம், மூன்று மாதத்துக்கும் மேலான கூலி. இயேசு அதை ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. "பரவாயில்லை, ஒன்றும் ஆகவில்லை" என்பது மன்னிப்பு ஆகாது. ஆனதை ஆனதென்று சொல்லி, பழி வாங்கும் உரிமையை விடுவதுதான் மன்னிப்பு. அது இன்றைக்கே முடியும். நம்பிக்கை திரும்ப நாளாகும், அதற்கு அந்தப் பக்கம் மாற்றம் தெரியவேண்டும். லூக்கா 17:3 "கடிந்துகொள்" என்றும் சொல்கிறது. அடிக்கிற புருஷனோடு இருந்து பொறுத்துக்கொள் என்று கிருபையின் பேரால் ஒரு பெண்ணுக்கு யாராவது புத்தி சொன்னால், நீ அவள் பக்கம் நின்று, பாதுகாப்பான இடத்துக்குப் போகவும் காவல்துறையில் சொல்லவும் உதவு. பிள்ளைகளுக்குக் கேடு செய்தவனை மன்னிப்பின் பேரால் மறைத்து வைப்பதும் பாவம்.

மாற்றம் மெதுவாக வருகிறதே என்று உன்னைப் பற்றியே சலித்துக்கொண்டிருந்தாய். "அமேசிங் கிரேஸ்" பாடலை எழுதிய ஜான் நியூட்டனைப் பார். 1748இல் புயலில் சிக்கிய கப்பலில் அவர் தேவனைக் கூப்பிட்டார். அதற்குப் பிறகும் 1754 வரை அடிமைக் கப்பல்களில் போனார், தலைவராகவும் இருந்தார். அந்த வியாபாரம் பாவம் என்று பகிரங்கமாக எழுதியது 1788இல். நாற்பது ஆண்டு. அந்தத் தாமதத்துக்கு விலை கொடுத்தவர்கள் அவர் கப்பலில் சங்கிலியில் கிடந்தவர்கள், ஆகவே இதைச் சாக்காக எடுத்துக்கொள்ளாதே. கிருபை பக்தியுள்ள ஜீவியத்தை நமக்குப் போதிக்கிறது என்கிறது தீத்து 2. போதனை என்றால் தினமும் பாடம். ராத்திரி படுக்குமுன் ஐந்து நிமிடம் அன்றைய நாளைத் திருப்பிப் பார்; கூசாமல் ஒரு காரியத்தைப் பெயரிட்டு அறிக்கையிடு; 1 யோவான் 1:9ஐ வாசித்துவிட்டுத் தூங்கு. அதே பாவத்தை மறுநாளும் தோண்டாதே.

இந்த வாரம் பவுல் பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தை வாசி. மொத்தமே 25 வசனம், ஒரே மூச்சில் முடிந்துவிடும். பவுல் கட்டளையிடும் உரிமை இருந்தும் அதை விட்டு, அன்பினால் கேட்டுக்கொள்ளும் இடத்தைக் குறித்து வை. பிலேமோனின் அடிமையான ஒநேசிமுவின் கடனைப் பற்றி "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்று எழுதும் 18ஆம் வசனத்துக்கு வந்ததும் கொஞ்சம் நில். பிறகு உன் அறைத்தோழியிடம் போ. என்ன சொன்னாள் என்று எனக்கு எழுது.

முத்தங்களுடன்,
அம்மா