கோத்தகிரி சொந்தங்களுக்கு எங்கள் கால்பந்துப் பிள்ளைகளின் நன்றி

அன்புள்ள எல்லாருக்கும் வணக்கம், ஸ்தோத்திரம்.

மாவட்ட இறுதி ஆட்டம் முடிந்ததிலிருந்து கடையில், பஸ்ஸில், கோயில் வாசலில் என்று பார்க்கிற இடமெல்லாம் "டீச்சர், பிள்ளைங்க எப்படி இருக்காங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். ஆளாளுக்குத் தனியாகப் பதில் சொல்லி முடியவில்லை, அதனால்தான் இந்த மடல். நன்றாக இருக்கிறார்கள். பெனால்டியில் தோற்ற அன்று திரும்பி வரும் வழியெல்லாம் அழுதார்கள், மறுநாள் காலையில் ஸ்டோர் ரூம் சாவி எங்கே என்று என்னிடமே வந்து நின்றார்கள்.

முதல் நன்றி ஜீப் ஓட்டும் அண்ணன்களுக்கு. நம் ஊரில் சாயங்காலப் பயிற்சிக்குப் பெரிய தடையே காட்டெருமையும் கரடியும்தான். தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் நடந்து லைன் வீட்டுக்குப் போக வேண்டிய பிள்ளையை இருட்டும்வரை மைதானத்தில் நிறுத்தி வைக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? நீங்கள் சவாரியை விட்டுவிட்டு வந்து, ஒவ்வொருத்தியையும் வீட்டு வாசலில் இறக்கி, உள்ளே போய்க் கதவு சாத்தும்வரை லைட்டைப் போட்டுக்கொண்டு நின்றீர்கள். டீசல் காசுகூட வாங்கவில்லை. அது இல்லாவிட்டால் இந்த அணியே இல்லை.

அடுத்து எங்கள் ஆயர் ஐயா. பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து என்றதும் "விளையாட்டும் வேதமும் எதற்கு ஒன்றாக?" என்று சபையிலேயே சிலர் கேட்டார்கள். ஐயா அவர்களோடு வாதம் செய்யவில்லை, வெள்ளிக்கிழமைதோறும் மைதானத்துக்கே வந்துவிட்டார். அப்போது அணிக்குள் ஒரு சிக்கல் இருந்தது. நன்றாக ஓடுகிற பிள்ளை பந்தை யாருக்கும் தர மாட்டாள், பின்னால் நிற்கிற பேக் பிள்ளைகளோ எங்களை யார் பார்க்கப் போகிறார்கள் என்று சுணங்கிப் போவார்கள். நான் திட்டியும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். ஐயா 1 கொரிந்தியர் 12ஆம் அதிகாரத்தைத் திறந்து, கண்ணானது கையைப் பார்த்து நீ எனக்கு வேண்டுவதில்லை என்று சொல்லக்கூடாது, தலையும் கால்களைப் பார்த்து அப்படிச் சொல்லக்கூடாது என்று பவுல் எழுதிய பகுதியை வாசித்தார். "சரி, இந்த அணியில் யார் கால், யார் தலை, நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார். அரை மணி நேரம் ஒரே சத்தம். அப்புறம் அந்த ஓட்டக்காரப் பிள்ளையே எழுந்து, "நான் கால்தான் ஐயா, எனக்குக் கண்ணு அவதான்" என்று நடுவில் ஆடுகிறவளைக் காட்டினாள். அடுத்த வாரத்திலிருந்து அவள் பாஸ் கொடுக்கத் தொடங்கினாள், அதை நீங்கள் எல்லாருமே பார்த்தீர்கள்.

எங்கள் அணியில் கிறிஸ்தவப் பிள்ளைகள் பாதிகூட இல்லை. படுகர் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள், முஸ்லிம் பிள்ளைகள் இருக்கிறார்கள், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களின் பேத்திகளும் இருக்கிறார்கள். ஆட்டத்துக்கு முன் வட்டமாக நின்று ஜெபம் செய்வோம், நிற்பதும் நிற்காததும் அவரவர் விருப்பம். கோல் வேண்டும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. எதிரணிக்கும் அதே கர்த்தர்தானே! இரண்டு பக்கமும் யாருக்கும் அடிபடக் கூடாது, வாயில் கெட்ட வார்த்தை வரக் கூடாது, கடைசி நிமிடம்வரை ஓடப் பெலன் வேண்டும், அவ்வளவுதான். ஜெபம் செய்ததால் பயிற்சி குறையவும் இல்லை. என்னைப் பொறுத்தவரை காலையில் பனியில் எழுந்து வந்து ஓடுவதும் ஜெபத்தில் சேர்ந்ததுதான்.

ஹட்டி என்கிற படுகர் ஊர்ப் பெரியவர்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு. பள்ளி மைதானம் மழையில் சேறான மாதங்களில் உங்கள் ஊர் மைதானத்தைத் திறந்துவிட்டீர்கள், ஹெத்தையம்மன் திருவிழா நாட்களில் பயிற்சி இல்லாதபோது பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சாப்பாடும் போட்டீர்கள்.

நான் படித்த நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை 1920இல் தொடங்கியவர் ஹாரி க்ரோ பக். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியைக் கூட்டிப் போனவரும் அவர்தான். அதே பாரிஸில்தான் ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் எரிக் லிடெல், 100 மீட்டர் தகுதி ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை என்பதால் அதில் ஓட மறுத்து, தனக்குப் பழக்கம் குறைந்த 400 மீட்டரில் ஓடித் தங்கம் வாங்கினார். பிறகு மிஷனரியாகச் சீனாவுக்குப் போய், 1945இல் ஜப்பானியரின் தடுப்பு முகாமிலேயே இறந்தார். இந்தக் கதையைப் பிள்ளைகளிடம் சொன்னபோது எனக்கு ஞாயிறு ஆராதனைதான் மனதில் இருந்தது. ஆனால் அது வேலை செய்தது வேறு இடத்தில். எங்கள் கோல்கீப்பரின் குடும்பம் பிழைப்புக்காகத் திருப்பூர் போய்விட்டது. கொழுந்துக்கு விலை இல்லாத வருஷங்களில் நம் மலையில் எத்தனை வீடு அப்படிப் பூட்டிக் கிடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். யார் கோலில் நிற்பது என்று தவித்தபோது இடது பக்கம் ஆடிய எங்கள் ஃபார்வர்டு பிள்ளை, "லிடெல் மாதிரி நானும் மாத்தி ஆடுறேன் டீச்சர்" என்று கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டாள். அவள் தடுத்துத்தான் இறுதி ஆட்டம் பெனால்டி வரைக்கும் போனது. வெளியே அடித்த பிள்ளையிடம் முதலில் ஓடியதும் அவள்தான்.

பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாக்களே, நீங்கள் தைத்துக் கொடுத்த ஜெர்சியின் தையல் இன்னும் ஒன்றுகூடப் பிரியவில்லை. சுகாதார நிலையத்து நர்ஸ் அக்கா, மேட்டுப்பாளையத்தில் நட்பு ஆட்டத்துக்கு இறங்கினபோது நீங்கள் கொடுத்துவிட்ட ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள்தான் காப்பாற்றின. சுமார் 6,000 அடி உயரத்தில் ஓடிப் பழகினவர்களுக்கு மூச்சு வாங்கவில்லை, வெயில்தான் ஆளைச் சாய்த்தது. மேலே மெல்லிய காற்றில் தூரமாகப் பறக்கிற பந்து கீழே சீக்கிரம் விழுந்துவிடுகிறது என்பதையும் அன்றைக்குத்தான் பிள்ளைகள் கண்ணால் பார்த்தார்கள்.

அப்பாக்களுக்கும் நன்றி. 2018இலும் 2023இலும் தமிழ்நாட்டுப் பெண்கள் தேசிய சீனியர் பட்டம் வாங்கினதைக் காட்டித்தான் உங்களில் சிலரிடம் சம்மதம் வாங்கினேன். இப்போது நீங்களே கோட்டுக்கு வெளியே நின்று எனக்கு யோசனை சொல்கிறீர்கள், தாராளமாகச் சொல்லுங்கள்.

ஜூனில் பள்ளி திறந்ததும் பயிற்சி தொடங்கும், ஞாயிறு தவிர. ஆறாம் வகுப்பிலிருந்து யாரும் வரலாம். பிள்ளைகளுக்குப் பத்தாமல் போன பூட்ஸ், ஷின் கார்டு வீட்டில் கிடந்தால் பள்ளி அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள், 3, 4 சைஸ் என்றால் ரொம்ப உதவியாக இருக்கும்.

அன்புடன்,
உங்கள் பி.டி. டீச்சர்